ஒரு பிக்சல் கம்மி

எங்கள் ஊருக்கு ஏன் பேருந்து விடவில்லை என்று கேட்டால், முன்பெல்லாம் சாலை சரியில்லை என்பார்கள். சாலை போட்டதும் பாலம் குறுகல் என்றார்கள். பாலத்தை அகலமாக்கியதும் வண்டி திருப்ப இடமில்லை என்றார்கள். நாடு முன்னேறும்போது காரணங்களும் முன்னேற வேண்டுமல்லவா? இப்போது, வீடியோவில் ஒரு பிக்சல் குறைகிறதாம்.

ஊர் புங்கந்தாங்கல். செங்கம் சாலையில் கூட்ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை வழியாக உள்ளே வர வேண்டும். அந்த வழியில் நடந்து நடந்துதான் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்துக்குக் காகிதத்தில் கிடைத்த முதல் பட்டம் அது. அதற்கு முன்பு கிடைத்தவற்றை எல்லாம் ஊர்க்காரர்கள் வாயாலேயே கொடுத்துவிட்டார்கள். இப்போது ரமணாசிரமம் தாண்டி ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பந்தியில் இரண்டு வீட்டாரும் போட்ட சண்டையை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ரோஜாப்பூவைப் பறக்கவிடுவது என் தொழில்.

அக்கா நான் நடந்த அதே ஏரிக்கரையில் இப்போது என் தங்கை கவியா நடக்கிறாள். கூடவே ஊரில் கல்லூரிக்குப் போகும் மற்ற பெண்களும். சாயங்காலம் இவர்களுக்குப் பின்னால் சில பைக்குகள் உறுமிக்கொண்டு வருவதாக அப்பா காதுக்கு எட்டிவிட்டது.

“பஸ்ஸு வந்தா படிக்கட்டும். வரலன்னா இந்த செமஸ்டரோட போதும்,” என்றார் அப்பா.

“பைக்கு ஓட்றவன நிறுத்தாம என்ன எதுக்குப்பா நிறுத்தற?” என்று கேட்டாள் கவியா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். மகள்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே பேருந்து வேண்டும் என்று மனு கொடுக்கக் கிளம்பினேன். காகிதத்தில் மனு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்பது கலெக்டர் ஆபீசுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதற்கென்று வாரியம் வந்துவிட்டது.

மாவட்டக் காட்சிச் சான்று வாரியம் வேங்கிக்காலில், புது வீட்டுமனைகளுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் இயங்குகிறது. கீழே வாரியம், மாடியில் ஹவுஸ் ஓனர். காகிதத்தில் மக்கள் தங்கள் குறைகளை ஜாஸ்தியாக எழுதுகிறார்கள், வீடியோ பொய் சொல்லாது என்ற உயர்ந்த எண்ணத்தில் அதைத் தொடங்கினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா? வராத தண்ணீரை வீடியோ எடுத்து வா. தெருவிளக்கு எரியவில்லையா? இருட்டை எடுத்து வா. அதையும் கைப்பேசியில் எடுத்த கையோடு நீட்டிவிடக் கூடாது. முறையான எடிட்டிங் மென்பொருளில் வெட்டி, ஒட்டி, ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் தர வேண்டும். வாரியத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். படித்த படிப்பு முதல் தடவையாக ஊருக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன். காலையில் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதை, மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதை, லாரிக்கு ஒதுங்கி முள்ளில் நிற்பதை எல்லாம் எடுத்தேன். உலகம் முழுவதும் எல்லோரும் செய்கிற அளவில், அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பிக்சல், உயரம் ஆயிரத்து எண்பது என்று எக்ஸ்போர்ட் செய்து கொண்டுபோனேன்.

சரிபார்ப்பு உதவியாளர் சந்திரகலா பென்டிரைவைச் செருகினார். வீடியோவைத் திறக்கவே இல்லை. அதன் மீது வலது சொடுக்குச் செய்து, விவரத்தை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒண்ணு கம்மிங்க.”

“இன்னா மேடம் கம்மி?”

“அகலத்துல ஒண்ணு, உசரத்துல ஒண்ணு. இருபத்தொண்ணுல முடியணும், இருபதுல முடியுது. இந்தப் பக்கம் எண்பத்தொண்ணு, நீங்க எண்பது போட்டுருக்கீங்க.”

“அப்படி ஒரு அளவே கெடையாதுங்க மேடம்.”

“கெடையாதுன்னா எப்படிம்மா? போர்டுல எழுதிப் போட்டுருக்குது பாரு.”

எழுதித்தான் போட்டிருந்தது. பெயின்ட்டில்.

காரணத்தைச் சிறப்பு அலுவலர் குமரேசன் சாரே அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். விதிகளை வகுத்தவர் அவர்தான்.

“சென்னையில இருந்து வந்த வரைவுல நீ சொல்ற அளவுதாம்மா இருந்துச்சு. பாத்தேன். மனசு கேக்கல. மொய் வைக்கறோம், நூறாவா வைக்கறோம்? நூத்தியொண்ணு வைக்கறோமா இல்லியா? சைபர்ல முடிச்சா அதோட முடிஞ்சே போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு சேத்தாத்தான் மேல மேல வளரும். சாதாரண ஜனங்க மொய்யே வளருது. கவர்மென்ட்டு வீடியோ வளர வேணாமா?”

நான் படித்த பாடத்திட்டத்தில் மொய்க் கணக்கு இல்லை.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி, அகலம் என்ற கட்டத்தில் இருபத்தொன்று என்று முடியும்படி அடித்தேன். மென்பொருள் ஒரு வார்த்தை பேசாமல் அதை இருபதாக மாற்றியது. மறுபடி அடித்தேன். மறுபடி மாற்றியது. ஒரு மேலதிகாரி போல அவ்வளவு நிதானம். மூன்றாவது தடவை வேகமாக அடித்து எக்ஸ்போர்ட்டை அழுத்தினேன். சிவப்பில் ஒரு பெட்டி வந்து, முடியாது போ என்றது.

அதன் மேலும் குற்றமில்லை. வாரியம் கேட்கும் கோப்பு வகையில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக எழுதுவார்கள். நிறத்தை மட்டும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பிக்சலுக்குப் பொதுவாகக் கொடுப்பார்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு ரேஷன் அட்டை மாதிரி. ஒற்றையாக ஒரு பிக்சல் வந்து நின்றால் அதை எந்த அட்டையிலும் சேர்க்க முடியாது. தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்லும் நம் ஊர் லாட்ஜ் மாதிரி மென்பொருள் அதை வெளியே நிறுத்திவிடும். வேறு வகைக் கோப்பு என்றால் ஒற்றையையும் ஏற்கும். ஆனால் வாரியம் அந்த வகையை ஏற்காது. அதுவும் போர்டில் பெயின்ட்டில் இருந்தது.

மறுநாள் இதை குமரேசன் சாரிடம் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார்.

“ஒத்தையா வர்றத சேத்துக்காதா? அப்போ அந்த சாஃப்ட்வேருக்கு நம்ம பழக்கவழக்கம் எதுவுமே தெரியாதா?”

“தெரியாது சார். சார், ஒண்ணு கேக்கறேன். இதுவரைக்கும் யாரோட வீடியோவாச்சும் பாஸ் ஆயிருக்குதா?”

அவர் முகத்தில் ஒரு பெருமிதம் படர்ந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணுகூட இல்லம்மா! அதான் நம்ம சாதன. இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி மாவட்டத்துல எங்க பாத்தாலும் கொற. தண்ணி இல்ல, லைட்டு இல்ல, டாக்டர் இல்ல. வாரியம் வந்த பிறகு, முறைப்படி நிரூபிச்ச கொறன்னு ஒண்ணுகூட கெடையாது. பக்கத்து மாவட்டத்துல இருந்து ஆபீசருங்க வந்து, எப்படி சார் இவ்ளோ சீக்கிரம் எல்லாத்தையும் தீத்தீங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க.”

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். என் ஒருத்திக்காக வல்லுநர் குழு அமைத்தார். குழு என்றால் முருகையன். ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சால்வை, டீ, முந்திரி பிஸ்கட் முடிந்த பிறகு, நான் சொன்ன எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று சந்திரகலா கிட்டப் போய்ப் பார்த்தார்.

“ரொம்ப சிம்பிள்,” என்றார் முருகையன், கண்ணைத் திறக்காமலே. “சாஃப்ட்வேர் எவ்ளோ ஏத்துக்குதோ அவ்ளோ வீடியோவா குடுக்கட்டும். மிச்சம் நிக்கற வரிசைக்கு மாதிரியா, மூலையில இருக்கற ஒரு பிக்சல மட்டும் தனியா இணைப்பா குடுக்கட்டும்.”

குமரேசன் சார் கைதட்டினார். நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று பிறகு தெரிந்தது, ஏனென்றால் அது உடனே ஆணையாகிவிட்டது.

தனிப் பிக்சலை வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்யவும் வழியில்லை. ஒன்றும் ஒற்றைப்படைதானே. ஆகவே புகைப்படமாகத் தரலாம் என்று சலுகை கொடுத்தார்கள். பாஸ்போர்ட் சைஸில். சான்றொப்பத்துடன்.

பிக்சலை பாஸ்போர்ட் சைஸுக்குப் பெரிதாக்கி அச்செடுத்தேன். ஏரிக்கரை ஓரத்துப் பிக்சல் அது. ஒரு சதுரம், மண் நிறம், வேறொன்றுமில்லை. எங்கள் பள்ளித் தலைமையாசிரியை அன்புச்செல்வி மேடத்திடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

“ஒரிஜினல் எங்க இனியா?” என்று கேட்டார்.

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, திரையில் மூக்கு முட்டும் வரை குனிந்தார்.

“தெரியல.”

“அவ்ளோதான் மேடம் அது.”

“தெரியாதது ஒண்ணுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் தேடி எடுத்தார். “சரி குடு, எதெதுக்கோ போட்டாச்சு.” பச்சை மையில் போட்டார். கையெழுத்து பிக்சலை முழுதாக மூடிவிட்டது.

சந்திரகலா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“பின்னணி வெள்ளையா இருக்கணும்மா.”

“மேடம், பிக்சலுக்குப் பின்னணி கெடையாது. அது மட்டும்தான் அது.”

“எல்லாருக்கும் வெள்ளைதான். கலெக்டர் போட்டோவா இருந்தாலும் வெள்ளைதான். உனக்கு மட்டும் மண்ணு கலர்ல விட்டா நாளைக்கு எல்லாரும் மண்ணோட வந்து நிப்பாங்க.”

நான் அங்கே கத்தியதை அச்சில் போட முடியாது. மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்த்தார்.

என் கத்தல் வீண்போகவில்லை. பிரச்சினையின் வேர் மென்பொருளில்தான் இருக்கிறது என்று குமரேசன் சார் கண்டுகொண்டு, விழிப்புணர்வுப் பேரணி அறிவித்தார். கல்லூரிக்கு இத்தனை பேர் என்று கேட்டு வாங்கி, வேங்கிக்காலிலிருந்து பேருந்து நிலையம் வரை வெயிலில் நடத்தினார்கள். ‘ஒற்றையை ஒதுக்காதே’ என்று அட்டை பிடித்துக்கொண்டு போன கூட்டத்தில் கவியாவும் இருந்தாள். முடிந்ததும் எனக்கு போன் செய்தாள்.

“அக்கா, பஸ் கேட்டோம். அதுக்கும் நடக்கவுட்டாங்க. இப்ப பிக்சலுக்கும் நடந்துட்டேன். இன்னும் யாருக்காச்சும் நடக்கணுமான்னு கேட்டுச் சொல்லு.”

செமஸ்டர் முடியப்போகிறது. அப்பா கவியாவின் பழைய புத்தகங்களை எடைக்குப் போடலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் வாரியத்துக்கு ஆண்டு விழா வந்தது. சென்னையிலிருந்து செயலாளர் அம்மாவே வருகிறார். சாதனைப் படம் ஒன்று வேண்டும். விதிகளை முழுதாகப் படித்த ஒரே எடிட்டர் என்று என்னையே கூப்பிட்டார்கள்.

“அளவு என்ன சார்? இருபத்தொண்ணா?” என்று கேட்டேன்.

குமரேசன் சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நமக்கு விலக்கு.”

“அதெப்படி சார்?”

“விதிங்கறது வாசப்படி மாதிரிம்மா. வெளியில இருந்து வர்றவன்தான் தாண்டணும். உள்ளயே இருக்கறவன் எதுக்குத் தாண்டணும்?”

படத்துக்குக் காட்சிகள் கொடுத்தார்கள். குமரேசன் சார் ரிப்பன் வெட்டுகிறார். குத்துவிளக்கு ஏற்றுகிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். செடியைப் பார்க்கிறார். செடி இல்லாமல் சும்மா பார்க்கிறார். அதோடு தீர்ந்துவிட்டது. எதையுமே ஏற்காத வாரியத்தில் வேறு என்ன இருக்கும்?

“படம் பாதிகூட வரல சார்.”

“நடுவுல எதையாச்சும் போட்டு நெரப்பும்மா. பச்சப்பசேல்னு. ஜனங்க தெரியற மாதிரி.”

நிரப்பினேன். புங்கந்தாங்கல் பெண்கள் முழுவதையும் உள்ளே இறக்கினேன். மழை, முள், லாரி எல்லாம். மேலே கவியாவின் குரலில், எங்க ஊருக்கு பஸ் இல்ல என்று தொடங்கும் நாலு வரி. குமரேசன் சார் வந்து படத்தைப் பார்த்தார். தான் எத்தனை இடத்தில் வருகிறோம் என்று விரல்விட்டு எண்ணினார். திருப்தி. போகும்போது, “அந்தப் பொண்ணு குரல எடுத்துட்டு நாதஸ்வரம் போட்ரு. மங்களமா இருக்கட்டும்,” என்றார். சந்திரகலாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டுப் போனார். போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

கல்யாண மண்டபத்தில் விழா. படம் ஓடியது. நாதஸ்வரம் முழங்க எங்கள் பெண்கள் மழையில் நடந்தார்கள். செயலாளர் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, ஒரு ஆளுக்காவது உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மைக்கைப் பிடித்தார்.

“எவ்வளவோ திட்டங்களைத் திறந்து வெச்சிருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல. விடியக்காலையில, மழையிலயும், எவ்வளவு கட்டுப்பாடா நடக்கறாங்க இந்தக் கொழந்தைங்க! எங்க வீட்டுப் பசங்க ஜிம்முக்குப் பணம் கட்டிட்டுப் போகவே மாட்டாங்க. இங்க வாரியம் இலவசமா நடக்க வெக்குது. இதை எல்லா கிராமத்துக்கும் கொண்டு போகணும். அங்கெல்லாம் பஸ் ஓடறதுதான் இடைஞ்சல்னா, அதை நிறுத்தறதையும் பரிசீலிக்கலாம்.”

குமரேசன் சார் ஒரு நொடிதான் திகைத்தார். எழுந்து கைகூப்பினார். “நம்ம முன்னோடித் திட்டம்மா அது.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

“அம்மா, அது திட்டம் இல்ல! எங்க ஊருக்கு பஸ் இல்ல! வேற வழியில்லாமத்தான் நடக்கறோம்! பஸ் வுட்டா நாளைக்கே நிறுத்திடுவோம்!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. செயலாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, பயனாளியே வந்து உணர்ச்சிவசப்பட்டுப் பேசறாங்க. கைதட்டுங்க!”

கைதட்டினார்கள். யாரோ என்னை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவும் எடுத்தார்கள். அதில் நான் கடிக்க வருகிற மாதிரி இருக்கிறேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் செயலாளர் அம்மாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. கிரிவலம் முடித்துவிட்டு வந்து தானே நேரில் பார்ப்பதாகவும், கூட்ரோட்டில் நின்று நடந்து வருபவர்களை வரவேற்பதாகவும் சொல்லிவிட்டார். பார்வையிட வருகிற அலுவலர்களும் பத்திரிகைக்காரர்களும் ஆளுக்கொரு காரில் வந்தால், ஏரிக்கரையில் நடக்க இடமிருக்காது. ஆகவே அவர்களை ஏற்றிச் செல்ல ஒரு பேருந்து. திட்டம் தினசரித் திட்டம் என்பதால், யார் எந்த நாள் வந்து பார்த்தாலும் பார்க்கட்டும் என்று காலையிலும் மாலையிலும் பேருந்து. இரண்டே நாளில் ஆணை வந்தது. சாலை சரியாக இருந்தது. பாலம் அகலமாக இருந்தது. வண்டி திருப்ப இடமில்லை என்று சொன்ன இடத்தில், பேருந்து ஒரே ஒடிப்பில் திரும்பி நின்றது.

நான் அன்று ஊரில்தான் இருந்தேன். முகப்பில் ‘நடைத் திட்டப் பார்வையாளர்’ என்று பலகை. கதவு திறந்து குமரேசன் சார், சந்திரகலா, முருகையன் மற்றும் வாரியம் மொத்தமும் இறங்கினார்கள். எல்லோர் மேலும் திட்டத்தின் பெயர் போட்ட மஞ்சள் பனியன். எங்கள் பெண்களை வரிசையாக நிறுத்தி, குமரேசன் சார் விசில் ஊதினார்.

“ம்ம், ஆரம்பிங்க. சிரிச்ச முகமா நடங்க!”

கவியா சாலையைப் பார்த்தாள். காலியாக நிற்கும் பேருந்தைப் பார்த்தாள். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும், அவர்களோடு நானும் ஏறினோம். இது எதுவும் தெரியாத பாஞ்சாலை அக்காவும், சந்தைக்குக் கொண்டுபோகும் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிவிட்டார்.

“யம்மா, இறங்குங்க, இறங்குங்க,” என்றார் கண்டக்டர் கோபி. “பார்வையாளருக்கு மட்டும்னு போர்டு போட்டுருக்குது, பாக்கலியா?”

“நாங்களும் பாக்கத்தாண்ணா போறோம்,” என்றாள் கவியா.

“இன்னாத்த பாக்கப் போற?”

“யாராச்சும் நடந்தா பாக்கறோம்.”

கோபி அண்ணன் போர்டை ஒரு தடவை பார்த்தார். அதில் பார்வையாளர் யார் என்று எழுதியிருக்கவில்லை. விதிப்படி சரியாகத்தான் இருந்தது. விசிலை ஊதிவிட்டார்.

“நிறுத்துப்பா! வண்டிய நிறுத்து!” என்று குமரேசன் சார் கூடவே ஓடி வந்தார். அவர் கையில் போன் அடித்தது. செயலாளர் அம்மா கூட்ரோட்டுக்கு வந்துவிட்டாராம், ஆரத்தித் தட்டு தயாராம், நடக்கிறவர்கள் எங்கே என்று கேட்கிறாராம். குமரேசன் சார் வெறும் சாலையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“சந்திரகலா, நடங்க! சார், நீங்களும்! எல்லாரும் நடங்க!”

நடந்தார்கள். ஏரிக்கரையில் பேருந்து அவர்களைத் தாண்டியபோது, முருகையன் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். எதிரே லாரி வந்தது. வாரியம் மொத்தமும் முள்ளில் ஒதுங்கி நின்றது.

கூட்ரோட்டில் செயலாளர் அம்மா மெய்சிலிர்த்துப்போனார். அதிகாரிகளே முன்மாதிரியாக நடக்கும் இன்னொரு மாவட்டம் இந்த மாநிலத்தில் இல்லை என்றார். இனி தினமும் வாரியத்தார் இந்த வழியில் நடக்க வேண்டும் என்றும், ஊர் மக்கள் அதைப் பேருந்தில் அமர்ந்து பார்வையிட்டு ஊக்கப்படுத்த வேண்டும் என்றும் அங்கேயே உத்தரவு போட்டார். எங்கள் பெண்களைப் பார்த்து, “தவறாம வந்து பாக்கணும், என்ன?” என்று கேட்டார்.

“தெனமும் வருவோங்க,” என்றாள் கவியா.

அடுத்த செமஸ்டருக்கு அப்பாவே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். சாயங்காலப் பேருந்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுவதால், பைக்குகளுக்கு உறுமுவதற்கு ஆள் இல்லை. பரீட்சை நாட்களில் கவியா புத்தகத்தில் மூழ்கி வெளியே பார்க்கத் தவறிவிடுகிறாள். அன்றெல்லாம் கோபி அண்ணன்தான் வந்து, “பாப்பா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாரு, உன் வேல அதான்,” என்று ஞாபகப்படுத்துகிறார். அவளும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். குமரேசன் சார் நன்றாக இளைத்துவிட்டார்.